மாற்றுக் கற்காரைகளில் எஃகுக் கம்பிகளின் அரிமானம்

மாற்றுக் கற்காரைகளில் எஃகுக் கம்பிகளின் அரிமானம் என்பது, போர்ட்லண்டு சிமெண்டின் அளவைக் குறைத்தோ முற்றாகத் தவிர்த்தோ செய்யப்படும் கற்காரைகளுக்குள் (கான்கிரீட்டுகளுக்குள்) பதிக்கப்பட்ட வலுவூட்டுக் கம்பிகள் துருப்பிடித்துச் சிதைவதைக் குறிக்கும். நிலக்கரிச் சாம்பல், ஊது உலைக் கசடு, சுட்ட களிமண் போன்றவற்றைச் சிமெண்டுடன் கலந்து பெறப்படும் கற்காரைகளும், காரக் கரைசலால் இறுகும் சிமெண்ட் அற்ற கற்காரைகளும் இவற்றுள் அடங்கும். சூழலுக்கு ஏற்படும் கேட்டைக் குறைப்பதே இவற்றின் நோக்கம். ஆனால் சிமெண்ட், மணலையும் சல்லியையும் பிணைப்பதோடு நின்றுவிடுவதில்லை. தனக்குள் இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் வேலையையும் அது செய்கிறது. சிமெண்டைக் குறைக்கும்போது இக்காப்பு எவ்வாறு மாறுகிறது என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி ஆகும்.

பின்னணி

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 பாகை செல்சியசில் சுட்டுக் கிளிங்கர் எனப்படும் கட்டிகள் பெறப்படுகின்றன. கிளிங்கருடன் சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் கிடைப்பது போர்ட்லண்டு சிமெண்ட். சூளையை எரிப்பதால் மட்டும் கார்பன் டை ஆக்சைடு உண்டாவதில்லை. சுண்ணாம்புக்கல்லே சிதைந்து அவ்வாயுவை வெளியிடுகின்றது. 100 கிலோகிராம் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, 56 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பே எஞ்சும். எரிபொருளை மாற்றினாலும் இப்பகுதி குறையாது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் உற்பத்தியாகின்றது. மனிதச் செயல்களால் உமிழப்படும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு இத்தொழிலிலிருந்து வருகின்றது. ஆகவே உமிழ்வைக் குறைப்பதற்கு நேரடியான வழி, ஒரு மூட்டை சிமெண்டில் உள்ள கிளிங்கரின் பங்கைக் குறைப்பதாகும்.

இங்கு ஆயுட்காலம் கணக்கில் வர வேண்டும். எடுத்துக்காட்டாக, உமிழ்வு 40 விழுக்காடு குறைந்த கற்காரையால் கட்டிய ஒரு கட்டிடம், 80 ஆண்டுகள் நிற்பதற்கு மாறாக 40 ஆண்டுகளில் துருவினால் சிதைந்து மீண்டும் கட்டப்படுவதாகக் கொள்ளலாம். வழமையான கட்டிடத்தின் உமிழ்வை 100 என்று வைத்தால், மாற்றுக் கட்டிடத்தின் உமிழ்வு இரு தடவை 60 ஆக, மொத்தம் 120 ஆகிவிடும். வலுவூட்டப்பட்ட கற்காரைக் கட்டமைப்புகள் காலத்துக்கு முன்னரே பழுதடைவதற்கு மிகப் பரவலான காரணம் கம்பி அரிமானமே என்பதால், இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று.

கற்காரைக்குள் எஃகு துருப்பிடிக்காதிருப்பதன் காரணம்

இறுகிய கற்காரை கண்ணுக்குத் திண்மமாகத் தோன்றினாலும், அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. அவற்றில் நீர் தங்கியிருக்கும். இந்த நுண்துளை நீரில் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஹைட்ராக்சைடுகள் கரைந்திருப்பதால் அதன் பி.எச். மதிப்பு 13ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இத்தகைய கடுங்காரச் சூழலில், எஃகின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிப்பே உள்ள இரும்பு ஆக்சைடுப் படலம் ஒன்று தானாக உருவாகின்றது. இது செயலறு படலம் எனப்படும். படலம் இருக்கும்வரை அரிமானம் நின்றுவிடுவதில்லை. ஆனால் ஓராண்டில் சுமார் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான இரும்பே கரையும் அளவுக்கு மெதுவாகிவிடும். நடைமுறையில் இதனைத் துருவே இல்லை என்று கொள்வர்.

போர்ட்லண்டு சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது, வலிமை தரும் கால்சியம் சிலிக்கேட்டு ஹைட்ரேட்டுடன் கால்சியம் ஹைட்ராக்சைடும் (நீற்றிய சுண்ணாம்பு) உண்டாகின்றது. இறுகிய சிமெண்டுப் பசையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இதுவே. வலிமைக்கு இதன் பங்கு மிகச் சிறிது. எனினும் இது ஒரு சேமிப்புக் கிடங்கு போன்றது. நுண்துளை நீரின் காரத்தன்மை குறையத் தொடங்கினால், திண்ம நிலையிலுள்ள சுண்ணாம்பு கரைந்து பி.எச். மதிப்பை 12.5 அளவில் நிறுத்தி வைக்கும். மாற்றுக் கற்காரைகளில் பெரும்பாலும் முதலில் குறைவது இந்தச் சேமிப்புதான்.

காப்பு அழியும் இரு வழிகள்

முதலாவது வழி கார்பனேற்றம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் ஊடாக உட்புகுந்து, நீரில் கரைந்து, சுண்ணாம்புடன் வினைபுரிந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுகின்றது. சுவரில் அடித்த சுண்ணாம்பு காய்ந்து கெட்டிப்படுவதும் இதே வினைதான். சுண்ணாம்பு தீர்ந்த பகுதியில் பி.எச். மதிப்பு 9க்குக் கீழே இறங்கி, செயலறு படலம் கரைந்துவிடுகின்றது. கார்பனேற்றம் அடைந்த பகுதியின் எல்லை மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி நகர்கின்றது. அது கம்பியைத் தொடும்போது, கம்பியின் நீளம் முழுவதும் ஏறத்தாழச் சீராகத் துரு தொடங்கும்.

இரண்டாவது வழி குளோரைடு அயனிகள். கடல்நீர், கடற்காற்று, குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்கத் தூவப்படும் உப்பு ஆகியவற்றிலிருந்து இவை உட்புகுகின்றன. சரியாகக் கழுவாத கடல் மணலைப் பயன்படுத்தினால், உப்பு தொடக்கத்திலேயே கலவைக்குள் சென்றுவிடும். குளோரைடு காரத்தன்மையை அழிக்காமலே படலத்தைச் சில இடங்களில் துளைத்துவிடும். துளைத்த இடம் சிறிய நேர்மின்வாயாகவும், சுற்றியுள்ள பெரும் பரப்பு எதிர்மின்வாயாகவும் செயல்படுவதால் அந்த ஒரே இடத்தில் குழி ஆழமாகிக்கொண்டே போகும். வெளியில் வெடிப்புத் தெரிவதற்கு முன்னரே கம்பியின் குறுக்குவெட்டு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கக் கூடும் என்பதால், இரு வழிகளுள் இதுவே கொடியது.

எவ்வளவு குளோரைடு இருந்தால் துரு தொடங்கும் என்பதற்கு ஒரே விடை இல்லை. சிமெண்டின் எடையில் 0.4 விழுக்காடு என்பது பொறியாளர்கள் பரவலாகக் கொள்ளும் மதிப்பு. உண்மையில் குளோரைடின் அளவு மட்டுமன்றி, அதனை எதிர்த்து நிற்கும் ஹைட்ராக்சைடின் அளவும் முக்கியமானது. 1967இல் ஹவுஸ்மன் என்பவர், கரைசலில் குளோரைடுக்கும் ஹைட்ராக்சைடுக்கும் இடையிலான விகிதம் 0.6ஐத் தாண்டும்போது துரு தொடங்குவதாகக் காட்டினார். இந்த விகிதம் மாற்றுக் கற்காரைகள் பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப வரும்.

எவ்வழியில் படலம் அழிந்தாலும், துரு வளர நீரும் ஆக்சிசனும் தேவை. துருவின் கனஅளவு அது உண்டான இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருப்பதால், சுற்றியுள்ள கற்காரை உள்ளிருந்து நெருக்கப்பட்டு வெடிக்கின்றது. பழைய வீடுகளின் மாடிக்கு அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது இதனால்தான்.

நிலக்கரிச் சாம்பலும் உலைக் கசடும் கலந்த கற்காரைகள்

அனல்மின் நிலையங்களில் கிடைக்கும் நிலக்கரிச் சாம்பலும் (பறக்கும் சாம்பல், உலர் சாம்பல் எனவும் வழங்கும்), இரும்பு உருக்கும் ஊது உலைகளில் கிடைக்கும் கசடும் பல பத்தாண்டுகளாகச் சிமெண்டுடன் கலக்கப்பட்டு வருகின்றன. இந்தியத் தர நிர்ணயங்களின்படி சாம்பல் கலந்த போசொலானா சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பலும், கசடுச் சிமெண்டில் 70 விழுக்காடு வரை கசடும் இருக்கலாம். ஆகவே "மாற்று" என்று சொன்னாலும், இந்தியாவில் கடையில் வாங்கும் மூட்டைகளுள் பெரும்பாலானவை ஏற்கனவே இவ்வகையைச் சேர்ந்தவை.

சாம்பலில் உள்ள சிலிக்கா, சிமெண்டு வினையில் உண்டான நீற்றிய சுண்ணாம்புடன் மெதுவாக வினைபுரிந்து மேலும் பிணைப்புப் பொருளை உண்டாக்குகின்றது. இதனால் நுண்துளைகள் சுருங்கி, ஒன்றோடொன்று தொடர்பற்றுப் போகின்றன. குளோரைடு அயனிகள் உட்புகுவது பெரிதும் தடைப்படும். சாம்பலிலும் கசடிலும் உள்ள அலுமினா, உட்புகும் குளோரைடில் ஒரு பகுதியை பிரீடல் உப்பு என்னும் சேர்மமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலோரக் கட்டுமானங்களுக்கு இச்சிமெண்டுகள் பரிந்துரைக்கப்படுவது இதனாலாகும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நெதர்லாந்து. அந்நாட்டில் கசடுச் சிமெண்டால் கடல்சார் கட்டுமானங்களை எழுப்பும் வழக்கம் நீண்டகாலமாக உண்டு. 1953ஆம் ஆண்டு வெள்ளப் பேரழிவுக்குப் பின் திட்டமிடப்பட்டு 1986இல் திறக்கப்பட்ட கிழக்கு செல்ட் புயல் தடுப்பணை, 65 பெருந்தூண்களைக் கொண்டது. வட கடலின் உப்புநீரில் நிற்கும் இத்தூண்களுக்குக் கசடுச் சிமெண்டே பயன்படுத்தப்பட்டது. அணையின் ஆயுட்காலம் 200 ஆண்டுகள் எனக் கொண்டு வடிவமைக்கப்பட்டுள்ளது.

ஆனால் கடலில் நன்மை செய்யும் அதே வினை காற்றில் தீமை செய்கின்றது. சாம்பல் வினைபுரியச் சுண்ணாம்பைச் செலவிடுகின்றது. கிளிங்கர் குறைவாக இருப்பதால் சுண்ணாம்பு உண்டாவதும் குறைவு. உட்புகும் கார்பன் டை ஆக்சைடை எதிர்கொள்ளச் சேமிப்புச் சிறிதாகிவிடுகின்றது. மேலும் ஒரு நுட்பம் உண்டு. நீற்றிய சுண்ணாம்பு கார்பனேட்டாக மாறும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடி, நுண்துளைகளைச் சிறிது அடைக்கும். சுண்ணாம்பு தீர்ந்தபின் கார்பன் டை ஆக்சைடு பிணைப்புப் பொருளையே தாக்கத் தொடங்கும். அப்போது நுண்துளைகள் பெரிதாகக் கூடும். ஆக, வழமையான கற்காரையில் கார்பனேற்றம் தன் வழியைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்கின்றது; கிளிங்கர் மிகக் குறைந்த கற்காரையில் வழியை அகலமாக்கிக்கொள்ளலாம்.

கார்பனேற்ற ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகின்றது என்பது பொதுவான தோராயம். இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். கார்பனேற்றக் கெழு 4 (அதாவது முதலாண்டில் 4 மில்லிமீட்டர் ஆழம்) உள்ள கற்காரையில், கம்பிக்கு மேல் 25 மில்லிமீட்டர் காரை இருந்தால், கார்பனேற்றம் கம்பியை அடைய ஏறத்தாழ 39 ஆண்டுகள் ஆகும். கெழு 6 ஆக இருந்தால் 17 ஆண்டுகள் போதும். அதே கெழு 6க்கு, காரையின் தடிப்பை 40 மில்லிமீட்டர் ஆக்கினால் 44 ஆண்டுகள் கிடைக்கும். சிமெண்டு மாற்றத்தால் இழந்த காலத்தை, கட்டும்போது கூடுதலாக வைக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் காரை மீட்டுத் தந்துவிடுகின்றது. மறுபுறம், கவர் பிளாக் வைக்காமல் கம்பி பலகை மீது படிந்துவிட்டால் எந்தச் சிமெண்டும் உதவாது.

பதப்படுத்தலும் (கட்டுமானத் தளங்களில் க்யூரிங் அல்லது தண்ணீர் விடுதல் எனப்படுவது) இங்கு முக்கியம் பெறுகின்றது. சாம்பலின் வினை மெதுவானது. அது முடிவதற்குள் மேற்பரப்பு காய்ந்துவிட்டால், கம்பியைக் காக்க வேண்டிய வெளிப்புறக் காரையே நுண்துளை மிக்கதாக நின்றுவிடும். இந்தியத் தர நிர்ணயம் 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் கலப்புச் சிமெண்டுகளுக்கு 14 நாட்கள் வரை பதப்படுத்தலைப் பரிந்துரைத்தது. ஆய்வுக்கூடத்தில் 28 நாட்கள் நீரில் கிடந்த மாதிரியின் முடிவை, மூன்று நாள் தண்ணீர் கண்ட ஒரு தூணுக்குப் பொருத்துவது தவறான நம்பிக்கையைத் தரும்.

கார்பனேற்றம் அடைந்துவிட்டால் துரு உறுதி என்றும் கொள்ளலாகாது. காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு வரை இருக்கும்போது கார்பனேற்றம் வேகமாக நடக்கும். நுண்துளைகள் நீரால் நிறைந்திருந்தால் வாயு உட்புகாது. அரிமானமோ, ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிய பின்னரே கருதத்தக்க வேகம் பெறும். ஆகவே மழை படாத உட்சுவர் ஒன்று முழுவதும் கார்பனேற்றம் அடைந்தும் பல பத்தாண்டுகள் துருவின்றி நிற்கக் கூடும். மாறி மாறி நனைந்து காயும் பால்கனி, சன்னல் மேல் தளம், கசியும் குளியலறைக்கு அடியிலுள்ள கூரை ஆகியவையே உண்மையில் ஆபத்துக்குரியவை. கம்பியை ஆள்வது நீர். கார்பனேற்றம் கதவைத் திறந்துவிடுகின்றது, அவ்வளவே.

சுட்ட களிமண் - சுண்ணாம்புக்கல் சிமெண்ட்

சாம்பலும் கசடும் என்றென்றும் கிடைப்பவை அல்ல. நிலக்கரி மின் நிலையங்களும் ஊது உலைகளும் மூடப்படும் நாடுகளில் அவை அரிதாகி வருகின்றன. ஐக்கிய இராச்சியத்தின் கடைசி நிலக்கரி மின் நிலையமும், போர்ட் டால்பட்டின் கடைசி ஊது உலையும் 2024 செப்டம்பர் 30 அன்று, ஒரே நாளில், நிறுத்தப்பட்டன. இதனால் உலகெங்கும் தாராளமாகக் கிடைக்கும் களிமண்ணை நோக்கி ஆய்வாளர்கள் திரும்பினர்.

எல்சி3 எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சிமெண்டில் பொதுவாக 50 விழுக்காடு கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 விழுக்காடு ஜிப்சம் ஆகியவை உள்ளன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் கேரன் சிரிவனர், கியூபாவில் பெர்னாண்டோ மார்ட்டிரேனா, தில்லி, சென்னை ஆகிய இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் ஆய்வாளர்கள் ஆகியோர் இதன் வளர்ச்சியில் பங்காற்றியுள்ளனர். கயோலினைட்டு என்னும் கனிமம் 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ள களிமண் போதுமானது. பீங்கானுக்குத் தேவைப்படும் தூய வெண்களிமண் வேண்டியதில்லை. 700 முதல் 850 பாகை செல்சியசில் சுட்டாலே போதும் என்பதால் எரிபொருளும் குறைகின்றது. உமிழ்வு 30 முதல் 40 விழுக்காடு வரை குறையும். இந்தியாவில் இதற்கான தர நிர்ணயம் 2023இல் 18189 என்னும் எண்ணுடன் வெளியிடப்பட்டது.

சுட்ட களிமண்ணின் அலுமினா, சுண்ணாம்புக்கல் தூளுடன் சேர்ந்து வினைபுரிந்து நுண்துளைகளை மிக விரைவில் நிரப்புகின்றது. குளோரைடு பரவும் வேகம் வழமையான கற்காரையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கும் குறையலாம். மின்தடையும் மிக உயர்வாக இருப்பதால், துரு தொடங்கினாலும் நேர்மின்வாய்க்கும் எதிர்மின்வாய்க்கும் இடையில் மின்னோட்டம் தடைப்படுகின்றது.

இருப்பினும் இதன் நுண்துளை நீரில் ஹைட்ராக்சைடு குறைவு. ஹவுஸ்மன் காட்டிய விகிதத்தின்படி, குறைந்த குளோரைடே படலத்தைத் துளைக்கப் போதும் என்று எதிர்பார்க்கலாம். சென்னைக் கழகத்தில் நடந்த ஆய்வுகளும் இதனையே காட்டின: துரு தொடங்கத் தேவையான குளோரைடு அளவு எல்சி3இல் வழமையான சிமெண்டைவிடக் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த அளவு கம்பியை வந்தடையவே மிக நீண்ட காலம் ஆவதால், கடற்சூழலில் கணிக்கப்பட்ட ஆயுட்காலம் கூடியே நின்றது. வாசற்படி தாழ்வு, ஆனால் வாசலை அடையும் பாதை மிக நீளம். எனவே ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இச்சிமெண்டை நல்லது என்றோ தீயது என்றோ கூறுவது பொருந்தாது. கார்பனேற்றத்தைப் பொறுத்தவரை எல்சி3 வழமையான சிமெண்டைவிட விரைவாகவே பாதிக்கப்படுகின்றது. சாம்பல் கலந்த கற்காரைக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கைகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும்.

காரத்தால் தூண்டப்படும் கற்காரைகள்

இவ்வகையில் போர்ட்லண்டு சிமெண்ட் சிறிதும் இல்லாதிருக்கலாம். சாம்பல் அல்லது கசடுடன் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிக்கேட்டு போன்ற கடுங்காரக் கரைசல்களைச் சேர்த்தால் அது கல்லாக இறுகுகின்றது. 1950களில் கீவ் நகரில் விக்டர் குளுகோவ்சுகி இத்துறையில் விரிவாக ஆய்ந்தார். அதே காலத்தில் பெல்சியத்தின் பிரசெல்சு நகரில் சில கட்டிடங்கள் இவ்வகைக் கசடுச் சிமெண்டால் கட்டப்பட்டன. 1970களின் இறுதியில் பிரான்சின் யோசப் டேவிடோவிட்சு, புவிப்பல்லுறுப்பி (ஜியோபாலிமர்) என்னும் பெயரை வழங்கினார். ஆசுதிரேலியாவில் குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தின் கட்டிடம் ஒன்றில், முன்வார்க்கப்பட்ட 33 புவிப்பல்லுறுப்பித் தளப் பாளங்கள் 2013இல் பயன்படுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட பிரிசுபேன் மேற்கு வெல்கேம்ப் வானூர்தி நிலையத்தில் சுமார் 40,000 கன மீட்டர் இவ்வகைக் கற்காரை இடப்பட்டது. எனினும் பின்னது கம்பி முதன்மை பெறாத கனத்த தளங்கள் சார்ந்தது என்பதால், அரிமானம் பற்றிய கேள்விக்கு அதிகம் விடை தராது.

தொடக்கத்தில் இக்கற்காரைகளின் நுண்துளை நீர் போர்ட்லண்டு சிமெண்டைக் காட்டிலும் காரமாக இருக்கக் கூடும். எஃகின் மீது செயலறு படலம் நன்றாகவே உருவாகின்றது. ஆனால் கால்சியம் குறைந்த சாம்பலால் ஆனவற்றில் நீற்றிய சுண்ணாம்பு என்னும் திண்மச் சேமிப்பே இல்லை. காரம் முழுவதும் கரைசலில்தான் உள்ளது. கையில் ரொக்கம் நிறைய, வங்கியில் ஒன்றுமில்லை என்பது போன்ற நிலை இது. இடைவிடாது நீர் ஓடும் இடங்களில் காரம் கழுவிச் செல்லப்படலாம். கழுவப்பட்ட சோடியம் மேற்பரப்புக்கு வந்து, காற்றுடன் வினைபுரிந்து வெண்ணிறப் பொடியாகப் பூப்பதையும் காணலாம்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இங்கு சோடியம் கார்பனேட்டை உண்டாக்குகின்றது. இது நீரில் கரையும் தன்மையது; தானே காரத்தன்மை உடையது. எனவே பி.எச். மதிப்பு போர்ட்லண்டு சிமெண்டில் போல் 9க்குக் கீழே செல்லாமல் பெரும்பாலும் 10க்கு மேல் நிற்கின்றது. அந்நிலையில் படலம் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. உப்புச் சூழலில் கணக்கு வேறு: ஹைட்ராக்சைடு மிகுதி படலத்துக்குத் துணை நிற்கின்றது, ஆனால் குளோரைடைப் பிடித்து வைக்கும் சேர்மங்கள் குறைவு. சாம்பல் எங்கிருந்து வந்தது, கரைசல் எவ்வளவு சேர்க்கப்பட்டது, எந்த வெப்பநிலையில் பதப்படுத்தப்பட்டது என்பவற்றைப் பொறுத்து முடிவுகள் பெரிதும் வேறுபடுவதால், "புவிப்பல்லுறுப்பியில் கம்பி துருப்பிடிக்காது" என்ற பொதுக்கூற்றையும் அதன் மறுப்பையும் ஒருங்கே ஐயத்துடன் அணுக வேண்டும்.

பிற சிமெண்டுகள்

கால்சியம் சல்போ அலுமினேட்டுச் சிமெண்ட் குறைந்த வெப்பத்தில் சுடப்படுவது. சீனாவில் 1970களிலிருந்து பயன்படுகின்றது. இதன் காரத்தன்மை போர்ட்லண்டு சிமெண்டைவிடக் குறைவு, கார்பனேற்றமும் விரைவு. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியே இறுகும் கால்சியம் சிலிக்கேட்டுச் சிமெண்டுகளில் கார்பனேற்றம்தான் இறுகும் வினை. ஆகையால் அவை கம்பி வைக்காத நடைபாதைக் கற்களுக்கு மட்டும் ஏற்றவை.

மக்னீசியம் சார்ந்த சிமெண்டுகளுள் பழையது, 1867இல் சோரெல் கண்டறிந்த மக்னீசியம் ஆக்சிகுளோரைடுச் சிமெண்ட். இதன் பெயரிலேயே குளோரைடு உள்ளது. இவ்வகைப் பிணைப்பியால் ஆன பலகைகள் டென்மார்க்கில் 2010களின் முற்பகுதியில் கட்டிடங்களின் வெளிச்சுவர்களில் காற்றுத் தடுப்பாகப் பெருமளவில் பொருத்தப்பட்டன. எரியாது, பூஞ்சை பிடிக்காது, விலை குறைவு என்பன அவற்றின் சிறப்புகளாகச் சொல்லப்பட்டன. குளிர்காலத்தின் ஈரக்காற்றில் பலகைகள் நீரை உறிஞ்சி, உப்புநீரைச் சொட்டத் தொடங்கின. "அழும் பலகைகள்" என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. அவற்றைப் பிடித்திருந்த உலோகத் திருகுகளும் இணைப்புகளும் துருப்பிடித்து, ஏராளமான கட்டிடங்களில் பலகைகளைக் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. கற்காரையில் பதித்த கம்பி அல்ல என்றாலும், ஒரு பொருளைச் சோதிக்கும்போது அதைத் தொட்டிருக்கும் எஃகையும் சேர்த்துச் சோதிக்காததன் விளைவுக்கு இது நல்ல சான்று.

அளவிடுதலில் உள்ள சிக்கல்கள்

கம்பியின் நிலையை உடைக்காமல் அறிவதற்கான முறைகள் பெரும்பாலும் போர்ட்லண்டு சிமெண்டை வைத்து உருவானவை. மிகப் பரவலான முறையில், செப்பு - செப்பு சல்பேட்டு அரைக்கலத்தைக் கற்காரையின் மேல் வைத்து, கம்பியின் மின்னழுத்தம் அளக்கப்படுகின்றது. அமெரிக்கச் சோதனைத் தர நிர்ணயம் ஒன்றின்படி, மதிப்பு எதிர்ம 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மமாக இருந்தால் அங்கு அரிமானம் நடக்கும் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல். கசடு மிகுந்த கற்காரையில் இவ்விதி ஏமாற்றக் கூடும். கசடில் உள்ள சல்பைடு ஆக்சிசனைத் தீர்த்துவிடுவதால், துருவே இல்லாத கம்பியும் எதிர்ம 500 மில்லிவோல்ட்டை ஒட்டிய மதிப்பைக் காட்டுவதுண்டு. புதிதாக உடைத்த கசடுக் கற்காரையின் உட்புறம் நீலப்பச்சை நிறமாக இருப்பதும் இச்சல்பைடினால்தான். காற்றுப் பட்டதும் நிறம் மங்கிவிடும்.

கார்பனேற்ற ஆழத்தை அறிய, உடைத்த பரப்பில் பினாப்தலீன் தெளிப்பர். காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறும் எல்லைக்குச் சற்று மேலோ கீழோ பி.எச். மதிப்பு நிற்கும் மாற்றுக் கற்காரைகளில், நிறத்தை மட்டும் கொண்டு படலத்தின் நிலையைத் தீர்மானிக்க இயலாது.

விரைவுச் சோதனைகளில் சிக்கல் இன்னும் கூடுதல். காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 விழுக்காடே உள்ளது. 50 ஆண்டு காத்திருக்க முடியாததால், சோதனைக் கூண்டில் அதனை 1 விழுக்காடாகவோ அதற்கும் மேலாகவோ உயர்த்துவர். காரத்தால் தூண்டப்பட்ட கற்காரையில், வாயுச் செறிவு கூடும்போது சோடியம் கார்பனேட்டுக்கு மாறாகச் சோடியம் பைகார்பனேட்டு உண்டாகின்றது. அதன் பி.எச். மதிப்பு தாழ்வு. ஆகவே சோதனை, இயல்பில் நடப்பதை விரைவாகக் காட்டாமல், இயல்பில் நடக்காத வேறொன்றைக் காட்டிவிடலாம். பன்னாட்டுக் கட்டுமானப் பொருள் ஆய்வு அமைப்பான ரிலெம், கலப்புச் சிமெண்டுகளின் கார்பனேற்றத்துக்கும் காரத்தால் தூண்டப்பட்ட பொருட்களுக்கும் எனத் தனித்தனி தொழில்நுட்பக் குழுக்களை அமைத்தது இத்தகைய சிக்கல்களால்தான்.

தடுப்பு முறைகள்

மலிவானதும் பயன் மிக்கதும் சரியான மூடுகாரைத் தடிப்பு, குறைந்த நீர்-சிமெண்டு விகிதம், போதிய பதப்படுத்தல் ஆகிய மூன்றுமே. இந்தியத் தர நிர்ணயம் 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், மிதமான சூழலுக்கு 30, கடுஞ்சூழலுக்கு 45, மிகக் கடுஞ்சூழலுக்கு 50 மில்லிமீட்டர் என மூடுகாரையின் தடிப்புச் சூழலைப் பொறுத்து விதிக்கப்பட்டது. சிமெண்டின் வகையைப் பொறுத்து அன்று. கலவையில் தொடக்கத்திலேயே இருக்கும் குளோரைடு, ஒரு கன மீட்டர் வலுவூட்டப்பட்ட கற்காரைக்கு 0.6 கிலோகிராமைத் தாண்டலாகாது என்பதும் அதில் உண்டு.

கம்பியை மாற்றுவது மற்றொரு வழி. மெக்சிகோவின் யுகட்டான் கரையிலுள்ள புரோகிரசோ துறைமுகப் பாலம் 1941 அளவில் துருவேறா எஃகுக் கம்பிகளுடன் கட்டி முடிக்கப்பட்டு, வெப்பமண்டலக் கடலில் பல பத்தாண்டுகள் பெரும் பழுதின்றி நின்றது. விலை மட்டுமே தடை. பிசின் பூசிய கம்பிகள் எல்லா இடத்திலும் நம்பிக்கையைக் காக்கவில்லை. அமெரிக்காவின் புளோரிடா தீவுப் பாலங்களில், கட்டிய சில ஆண்டுகளிலேயே, 1986 அளவில், அவை பூச்சுக்கு அடியில் துருப்பிடித்திருக்கக் காணப்பட்டது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அரிமானத் தடுப்பிகள் சேர்த்த சிமெண்டுக் குழம்பைக் கம்பிகள் மேல் பூசும் முறையொன்றை உருவாக்கியுள்ளது.

கண்ணாடி இழைக் கம்பிகள் துருப்பிடிப்பதே இல்லை. விந்தை என்னவெனில், கண்ணாடியைத் தாக்குவது காரம். எஃகைக் காக்கும் கடுங்காரம் கண்ணாடி இழைக்குப் பகை என்பதால், காரம் குறைந்த சிமெண்டுகளின் குறைபாடு இங்கு நன்மையாக மாறிவிடுகின்றது. எஃகே இல்லாத இடத்தில் கடல்நீரையும் கடல் மணலையும் கலவைக்குப் பயன்படுத்துவது பற்றியும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.